வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு கல்யாணம்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்கு வலப்பக்கம் ‘மணமகள் அறை’ என்று எழுதியிருக்கிறதே, அதற்கும் அடுத்த கதவு. இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. வியாழன் ராத்திரி பத்து மணிக்கு மணப்பெண் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “வாடி, காட்டுறேன். எதையும் மட்டும் மிதிச்சிடாத!”

எதை மிதிக்காமல் நடப்பது? மூன்று மூட்டை தேங்காய். வாழைச்சருகில் சுற்றிய வெற்றிலைக் கட்டுகள். பாதி ஊதி, பாதி சுருங்கிய பலூன்கள். வண்ணம் தீட்டி, ஈரம் காயாமல் வரிசையாக நிற்கும் பானைகள். ‘சாமிக்கு, தொடாதே’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிய எவர்சில்வர் தூக்கு. சுருட்டி வைத்த ஜமுக்காளத்தின்மேல் ஐந்து வயதுப் பையன் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சளும் சின்ன வெங்காயமும் கலந்த ஒரு வாசனை. பெரம்பலூர், அரியலூர்க் கல்யாணங்களுக்கு மட்டுமே உரிய வாசனை இது. எனக்கு அங்கேயே குதூகலம் தொடங்கிவிட்டது.

சுவரில் ஐந்து சார்ட் தாள்கள். அவைதான் இந்தக் கல்யாணத்தின் மூளை. மணப்பெண்ணின் சித்தப்பா அரசுப் பேருந்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண ஏற்பாட்டை அவர் கையில் கொடுத்ததும், தனக்குத் தெரிந்த முறையில் கட்டங்கள் போட்டுவிட்டார்: புறப்பாடு, சேருமிடம், ஆட்கள், பொறுப்பு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களில் யார் அரியலூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், யார் நெடுஞ்சாலையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள், யாரைக் கூப்பிட யார் போவது, எல்லாம் அதில் இருக்கிறது. ‘அப்பாயி மாத்திரை 8.15’ என்பதும் இருக்கிறது. அவர் கழுத்தில் விசில் தொங்குகிறது.

வெளியூர் விருந்தாளிகள் 43 பேர். பெண்ணோடு பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், அவர்களில் ஒரு பஞ்சாபிப் பையன், ஒரு வங்காளிப் பெண். சிங்கப்பூர் அத்தை குடும்பம். மாப்பிள்ளையின் சென்னைக் கூட்டாளிகள். ஞாயிறு காலை வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியவர்களை ஏன் வெள்ளிக்கிழமையே வரச் சொன்னீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். சார்ட்டின் இரண்டு முனைகளிலும் விரலை வைத்தார். ஒரு முனை வெள்ளி, மறுமுனை திங்கள். “நம்ம ஆத்தா அந்த ரெண்டு நாள்தாம்மா கதவைத் திறப்பா. அவளுக்குத் தகுந்த மாதிரி நாம கல்யாணத்தை வைக்கணும்.”

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைச் சொல்கிறார். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய கோயில். சில விசேஷ நாட்களைத் தவிர, திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். ஊரார் சொல்லும் கதைப்படி அவளே விருந்தாளியாக வந்தவள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்து, செல்லியம்மனிடம் ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டாளாம். செல்லியம்மனை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த மந்திரவாதியை அழித்தாளாம். மகிழ்ந்துபோன செல்லியம்மன், நீயே இங்கே இரு என்று கோயிலைக் கொடுத்துவிட்டு, எதிரே தெரியும் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாளாம். தீபாராதனையை இன்றைக்கும் முதலில் மலையைப் பார்த்துக் காட்டிவிட்டுத்தான் அம்மனுக்குக் காட்டுகிறார்கள். வந்தவளுக்கு வீட்டையே கொடுத்த ஊர் என்று இதை அப்பாயி வேனில் சொல்லி முடிக்கவும், வேன் கோயிலை எட்டவும் சரியாக இருந்தது.

வெள்ளிக் காலை ஏழரை மணி. மாவிளக்குக்கு வீட்டிலிருந்து மாவு கொண்டுவந்தால் போதாது. இங்கேயே அரிசியை ஊறவைத்து, இங்கேயே உரலில் இடிக்க வேண்டும். இடித்துத் தரவே பெண்கள் இருக்கிறார்கள். டொக், டொக், டொக் என்று எல்லாப் பக்கமும் உலக்கைச் சத்தம். வங்காளிப் பெண் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே ஒரு உரலுக்குப் பக்கத்தில் போனாள். இடித்துக்கொண்டிருந்த அம்மா ஏற இறங்கப் பார்த்தார். “அதை வச்சிட்டு இதைப் பிடி கண்ணு” என்று உலக்கையை நீட்டிவிட்டார்.

பார்க்க வேண்டுமே! முதல் குத்து உரலின் விளிம்பில். இரண்டாவது குத்தில் அரிசி என் புடவையில். அம்மா சிரிக்கவே இல்லை. பின்னால் நின்று இரண்டு கைகளையும் பிடித்து, ஏற்றும்போது மூச்சை இழுக்க வேண்டும், இறக்கும்போது விட வேண்டும், ஒவ்வொரு குத்துக்கும் கை மாற்ற வேண்டும் என்று பாஷை இல்லாமலே சொல்லிக்கொடுத்தார். பத்து நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் நெற்றியில் வியர்வை, மூக்கு நுனியில் மாவு. வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழித்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றியபோது அவள் அதை இரண்டு கைகளாலும் அணை கட்டிக் காத்தாள். விளக்கு மலையேறியதும் மாவைப் பிட்டு எல்லோர் கையிலும் வைத்தார்கள். நெய்யும் புகையும் வெல்லமும் சேர்ந்த அந்த ருசிக்கு எந்த மண்டபத்து இனிப்பும் ஈடாகாது, அடித்துச் சொல்வேன்.

விசில்! 9.40, புறப்பாடு.

அடுத்து சாத்தனூர். இது குழந்தைகளுக்காக. 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் காலத்து மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் உலகுக்குச் சொன்ன மரம். ஜமுக்காளத்தில் தூங்கினானே, அந்தப் பையன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “சித்தப்பா தாத்தா, கடல் எத்தனை மணிக்குக் கிளம்பிச்சு?” சித்தப்பா உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வேன் முழுக்கச் சிரிப்பு.

மதியம் ஒரு தோப்பில் கம்பங்கூழ், மோர் மிளகாய், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பிறகு கரைவெட்டி ஏரிக்கரையில் பதினைந்து நிமிஷம். 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை. இமயமலையையே தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகள் மாசி கடைசியிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. சிங்கப்பூர் அத்தை கண்ணுக்கு மேலே கையை வைத்து, “நம்மளவிட இதுங்கதான் ரொம்ப தூரம் வந்திருக்குதுங்க” என்றார்.

சாயங்காலம் திருமழபாடி. கொள்ளிடக் கரையில் வைத்தியநாதர் கோயில். சித்தப்பாவுக்கு இந்த இடத்தின்மேல் தனிப் பிரியம். ஏன் என்று இங்கே வந்தபிறகுதான் புரிந்தது. நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் நடந்த ஊர் இதுதான் என்பது ஐதீகம். பங்குனியில் புனர்பூசத்தன்று திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மாப்பிள்ளை நந்தியைக் கூட்டிக்கொண்டு கொள்ளிடம் தாண்டி வருவார். அந்தக் கல்யாணத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஆளுக்கொரு பொறுப்பை எடுத்துக்கொண்டனவாம். திருப்பழனத்திலிருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு, திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானத்திலிருந்து நெய், திருவேதிக்குடியிலிருந்து வேதம் ஓதுகிறவர்கள். சொல்லும்போது சித்தப்பா ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விரலை மடக்கினார். “பாத்தியாம்மா? அவங்களும் சார்ட் போட்டுத்தான் செஞ்சிருக்காங்க.” அவர் குரலில் இருந்த பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. அதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் சென்னைக் கூட்டாளிகள் மூன்று பேர் பங்குனிக்கு லீவு கிடைக்குமா என்று அங்கேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

வெள்ளி ராத்திரி, மண்டபத்துச் சமையல்கட்டின் பின்வாசல். யாரும் தூங்கியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 30 கிலோ சின்ன வெங்காயம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்க, சுற்றி வட்டமாகப் பதினான்கு பெண்கள். நானும் ஓர் அரிவாள்மனையோடு உட்கார்ந்தேன். செட்டிகுளம் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா, தங்கள் கொல்லையில் வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் எப்படிக் காப்பாற்றுவோம் என்று சொல்கிறார். காற்று போக வேண்டும், ஈரம் வரக்கூடாது, விலை ஏறும்வரை பொறுமை வேண்டும். “பொண்ணு வளக்கிற மாதிரிதான்” என்று யாரோ சொல்ல, “பையன் வளக்கிற மாதிரின்னு சொல்லு, அதான் சட்டுனு முளைச்சிப் போயிடுது” என்று இன்னொருவர் எடுத்துவிட, தோல் பறக்கச் சிரிக்கிறார்கள். பஞ்சாபிப் பையன் எட்டிப் பார்த்தான். “வாங்க தம்பி, உக்காருங்க.” அரை மணி நேரத்தில் அவன் கண்கள் சிவந்து வழிந்தன, எழுந்திருக்கத்தான் மறுத்துவிட்டான். தன் ஊரிலும் கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்கள் இப்படித்தான் உட்கார்ந்து பாடுவார்கள் என்று சொல்லி ஒன்று பாடினான். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அப்பாயி தாளம் போட்டார்.

சமையல் மாஸ்டர் நடுராத்திரிக்கு டீ கொடுத்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்திரி, வேட்டியில் மஞ்சள் கறை, காதில் பீடி. சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று கேட்டேன். “எத்தனை பேர் சிரிக்கிறாங்களோ அத்தனை கைப்பிடி” என்றார்.

சனிக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம். போகும் வழியில் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் நிறுத்தினோம். மணப்பெண்ணின் கூரைப்புடவை இந்த வீட்டுத் தறியில்தான் பிறந்தது. அது அவிழ்ந்து போன இடத்தில் இப்போது வேறு யாரோ ஒரு பெண்ணுக்கான மாம்பழ நிறப் புடவை முழம் முழமாக வளர்ந்துகொண்டிருந்தது. நம் பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள். “யாரு அக்கா அந்தப் பொண்ணு?” என்றாள். “தெரியாது கண்ணு. நல்லா இருக்கட்டும்” என்றார் நெசவாளரின் மனைவி, மிதியை மிதித்துக்கொண்டே.

இனி, யாரும் வெளியே சொல்லாத ஒரு ரகசியம். மூன்று நாளைக்கு முன்னால் சித்தப்பா இந்தக் கோயிலுக்குத் தனியாக வந்து, அரை மணிக்கு ஒரு தடவை வெறுங்காலோடு பிராகாரத்தைச் சுற்றியிருக்கிறார். ஐந்தாவது சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை நானே படித்தேன்: ‘9.30 குளிர்ச்சி. 10.30 தாங்கலாம். 11.15 ஓடணும்.’ அதனால்தான் எங்கள் கூட்டம் சரியாகப் பதினொரு மணிக்குப் புல்வெளிக்கு மாற்றப்பட்டது. மற்றக் கூட்டங்கள் கல்தரையில் துள்ளிக்கொண்டிருந்தபோது, நாங்கள் எல்லோரும் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து 55 மீட்டர் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

1014-ல் பட்டத்துக்கு வந்த ராஜேந்திரன், கங்கைவரை படை அனுப்பி, அந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் செய்து எழுப்பிய ஊர் இது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கோயில். இதெல்லாம் பலகையிலேயே இருக்கும். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக விரும்புவது வடக்கு வாசல் படியோரத்துக்கு. சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. கீழே கைகூப்பிக் குனிந்திருக்கும் சண்டேசருடைய தலையில் சிவன் தம் கையாலேயே பூமாலையைச் சுற்றிவிடுகிறார். மண்டபத்துக்குப் பூ கட்டும் அக்காவும் எங்களோடு வந்திருந்தார். எல்லோரும் நகர்ந்த பிறகும் அவர் நகரவில்லை. சிவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாலையை அழுத்தாம பிடிச்சிருக்காரு பாருங்க. பூ நசுங்கல. கட்டத் தெரிஞ்ச கை” என்றார். இந்தச் சிற்பத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த வரி இல்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஸ்டோர் ரூமில் தாம்பூலப் பை கட்டும் படலம். எல்லாப் பைகளிலும் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள். வெளியூர்க்காரர்கள் பைகளில் கூடுதலாக மூன்று: ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி கால் கிலோ; வலைப்பையில் சின்ன வெங்காயம் அரை கிலோ; அரும்பாவூரில் செதுக்கிய உள்ளங்கை அளவுப் பிள்ளையார். பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பையன்கள் வரிசையில் நின்று கை மாற்றுகிறார்கள். 43 பை கட்டி முடித்தபோது பிள்ளையார் 42. தரையில் கவிழ்ந்து, ஜமுக்காளத்தை உதறி, ஒரே களேபரம். கடைசியில் அந்த ஐந்து வயதுக்காரன் சட்டைப்பைக்குள் ஒரு தும்பிக்கை எட்டிப் பார்த்தது. அவனை யாரும் திட்டவில்லை. சித்தப்பா சார்ட்டில் 43-ஐ அடித்து 44 என்று எழுதினார். பெரம்பலூருக்குப் போன் போட்டு இன்னொரு பிள்ளையாருக்குச் சொல்லிவிட்டார்.

ராத்திரி பெண் அழைப்பு. ஊர்வலத்தை நீங்கள் எந்த வீடியோவிலும் பார்க்கலாம். நான் கோயில் மதிலுக்குப் பின்னால் இருந்தேன். நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டிருக்கிறார். தவில்காரர் விரல்களுக்குக் கூடு மாட்டுகிறார். ஜெனரேட்டர் தம்பி மூன்றாவது தடவையாகக் கயிற்றை இழுக்கிறான். மணப்பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நகையெல்லாம் கலகலக்க, அவசர அவசரமாக இட்லி சாப்பிடுகிறாள். அவள் அம்மா ஊட்டிவிட்டபடியே உதட்டுச் சாயம் கலையாமல் ஒவ்வொரு வாயையும் துடைக்கிறார். “நாளைக்கு இப்படி யாரும்மா ஊட்டுவா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளக்குகள் எரிந்தன. விசில் ஊதியது. இருவரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

ஞாயிறு காலை முகூர்த்தம். மணவறைக்குப் பின்னால் நுழைகிறோம், வயர் இருக்கிறது, பார்த்து வாருங்கள். முன்னால் ரோஜாவும் சாமந்தியும். பின்னால் துருப்பிடித்த கம்பிச் சட்டமும் இரண்டு பெரிய ஃபேனும். பெண்ணின் அக்கா வாயில் ஆறு ஊக்குகளைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். மெட்டிப் பெட்டியைக் காணோம்! இரண்டு அத்தைகள், ஒரு மாமா, போட்டோகிராபரின் உதவியாளர் எல்லோரும் மண்டியிட்டுத் தேடுகிறார்கள். ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் நீட்டி நேரம் கொடுக்கிறார், அந்த நல்ல மனிதர். கடைசியில் பெட்டி கேமரா பையில் கிடைத்தது. சித்தப்பா மேடையோரம் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் இடி மாதிரி இறங்கியது. எங்கள் தலைமேலெல்லாம் அட்சதை. மேடைக்குப் பின்னால் இருந்ததால் எனக்குத் தாலி தெரியவில்லை. பெண்ணின் அப்பா தெரிந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அவர் அழுததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பெண் அரியலூர், பையன் பெரம்பலூர். 1995-ல் திருச்சியிலிருந்து ஒன்றாகப் பிரிந்து, 2001-ல் இரண்டாகி, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்த மாவட்டங்கள். “கவர்மென்ட்டால முடியாததை நாங்க முடிச்சிட்டோம்” என்று பந்தியில் இரண்டு சம்பந்திகளும் மாறி மாறிச் சொல்லி, இலைக்கு இலை அப்பளம் வைத்துக்கொண்டே போனார்கள்.

வாசலில் மொய் மேசை. அகலமான நோட்டு, அதன்மேல் மஞ்சள் தடவிய முதல் பக்கம். எழுதுகிறவர் முதலில் ஊரைத்தான் கேட்பார். பஞ்சாபிப் பையன் கவரை நீட்டினான். “எந்த ஊரு தம்பி?” லூதியானா. அவர் ஓர் எழுத்தைக்கூட விடாமல், பெரம்பலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவே, லூதியானா என்று எழுதினார். அப்பா பெயரையும் கேட்டு எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “எழுதியாச்சு. உங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க வரணும். தேதி சொல்லிடுங்க.” அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நோட்டைத் திருப்பச் சொல்லித் தன் ஊர்ப் பெயரைப் படம் எடுத்துக்கொண்டான்.

திங்கள் காலை மறுபடி சிறுவாச்சூர். ரயிலுக்கு நேரம் இருந்த பதினோரு பேர் மணமக்களோடு வந்தோம். பெண்ணுக்குக் கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கண்ணில் தூக்கம். சித்தப்பா இன்றைக்கு விசிலைக் கழற்றிவிட்டார். கழுத்தில் அதன் கயிறு பதிந்த கோடு மட்டும் இருந்தது. உரல்களின் பக்கம் டொக், டொக், டொக். வங்காளிப் பெண் செருப்பைக் கழற்றியதும் நேராக அங்கேதான் போனாள். வெள்ளிக்கிழமை அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி இடம் விடச் செய்தார்.

“வந்துட்டியா? வா, இன்னிக்கு நீ முதல்ல குத்து.”